கார் பார்க்கில் நின்றவர்

கூட்டம் தொடங்கிச் சற்று நேரத்துக்கெல்லாம் அவர் எழுந்துவிடுவார். நாற்காலியைச் சத்தம் வராமல் பின்னுக்குத் தள்ளுவார், கோட்டுப் பொத்தானைப் போடுவார், கமிட்டித் தலைவியைப் பார்த்து ஆங்கிலத்தில், “எனக்கு இதில் சம்பந்தம் உண்டு” என்பார். பிறகு என் பக்கம் குனிந்து, “நான் வெளியாலை நிக்கிறன் தங்கச்சி, முடிஞ்ச பிறகு கூப்பிடுங்கோ” என்பார். கதவு மூடும். ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மழையானாலும் காற்றானாலும், கார் பார்க்கில் ஒரு ஆள் கைகட்டி நிற்பது தெரியும்.

நான் மதுரைக்காரி. வெளிநடப்பு என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் சட்டசபை வெளிநடப்புதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கோஷம் போட்டு, வாசலில் நிற்கும் பத்திரிகைக்காரர்களிடம் ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பது. இவரோ சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு போவார். யாரையும் எதிர்த்துப் போகவில்லை. தன்னை நம்பாமல் போனார்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், ‘இதிலை எனக்குச் சம்பந்தம் இருக்கு’ என்று இந்தப் பக்கத்தை விட்டும் எழுந்து போய்விடுவார்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் குடியேறியிருந்த ஏவன்டேல் புறநகரில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் எங்கள் தெருக்களுக்கென்று ஒரு சின்ன ஹால் இருந்தது. ஹாலை ஒட்டிப் புல்வெளி, புல்வெளி முடிகிற இடத்தில் ஓர் ஓடை. மூன்றையும் பார்த்துக்கொள்ள ஒரு கமிட்டி. சனிக்கிழமைகளில் அங்கே தமிழ்ப் பள்ளி நடந்ததால் தமிழர் ஒருவர் இருக்கட்டும் என்று இவரைப் பிடித்துப் போட்டார்கள். எனக்கு டைப்பிங் தெரியும் என்பதால் கூட்டக் குறிப்பு எழுத என்னைப் பிடித்துப் போட்டார்கள். அவர் உறுப்பினர். நான் வெறும் எழுத்துக்காரி, எனக்கு ஓட்டு கிடையாது. அவர் யாழ்ப்பாணம், பேக்கரியில் விடிகாலை வேலை, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். நான் “அண்ணே” என்று இழுத்துக் கூப்பிடுவது அவருக்குச் சிரிப்பாக இருக்கும்.

தலைவி வேல்ஸ் நாட்டில் பிறந்த வெள்ளைக்கார அம்மா. ஆடு அதிகம், ஆள் கம்மி என்கிற மாதிரி ஒரு மலையடிவாரக் கிராமம். அவருடைய அப்பா அந்த ஊர் மன்றத்தில் ஆயுசு முழுக்க இருந்தவராம். புல் வெட்டுவது, நடைபாதையில் கல் பெயர்ந்தது, பஸ் நிறுத்தத்து பெஞ்சு, நாய் அசிங்கம், கல்லறைத் தோட்டத்து வேலி. அங்கே என்ன பேசினார்களோ அதையேதான் நாங்களும் பேசினோம், கல்லறைத் தோட்டம் மட்டும் எங்களுக்கு இல்லை. வரிசையும் அந்த ஊர் வரிசைதான். வர முடியாதவர்கள் சொல்லியனுப்பிய வருத்தம், பிறகு சம்பந்தம் அறிவித்தல், பிறகு போன கூட்டக் குறிப்பு, வந்த கடிதங்கள், கடைசியில் டீ. சம்பந்தம் அறிவித்தல் என்றால், அன்றைக்குப் பேசப்போகும் விஷயத்தில் யாருக்காவது சொந்த லாபம் இருந்தால் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிடுவது. “எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் மாமன் மச்சான், அதனால் அது தேவைப்பட்டது” என்பார் தலைவி. மற்ற உறுப்பினர்கள் அந்த வரியை ‘இல்லை, இல்லை’ என்று சொல்லித் தாண்டிவிடுவார்கள். அவர் ஒருவர்தான் அதைத் தேவாரம் போல எடுத்துக்கொண்டார்.

ஒருமுறை ஹால் வேலிக்கு மேலே சாய்ந்திருந்த பீஜோவா மரத்தின் கிளையை வெட்டுவதா வேண்டாமா என்று பேச்சு வந்தது. பீஜோவா இங்கே வீட்டுக்கு வீடு காய்க்கிற பச்சைப் பழம். சீசனில் யாரும் வாங்க மாட்டார்கள், பையில் போட்டு அடுத்தவர் வாசலில் வைத்துவிட்டு ஓடுவார்கள். அவர் எழுந்துவிட்டார்.

“இதுல உங்களுக்கு என்னண்ணே சம்பந்தம்?”

“போன கிழமை கீழை கிடந்த பழம் கொஞ்சம் பொறுக்கினனான்.”

“அந்தப் பழத்த இந்த ஊர்ல பொறுக்காதவங்க யாரு?”

“அவையள் கமிட்டியிலை இல்லையே, தங்கச்சி.”

நாய் அசிங்கம் பற்றிப் பேசினபோதும் போனார். அவர் வீட்டில் நாயே கிடையாது. பக்கத்து வீட்டு நாய்க்கு மிச்சச் சோறு வைக்கிற பழக்கம் இருந்ததாம். ஹாலுக்கு வாங்குகிற பால் பற்றிப் பேச்சு வந்தபோதும் போனார். முனை டெய்ரிக்காரர் அவருக்குச் சிநேகிதர்.

அவர் வெளியே போனதும் கமிட்டியில் இருந்த, இந்த நாட்டுப் பூர்வகுடியான மாவோரித் தச்சர் ஒருவர் பிஸ்கட் டின்னைத் திறப்பார். “அவர் வருவதற்குள் சாக்லெட் பிஸ்கட்டை முடித்துவிடுவோம்” என்பார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார், அவர் இரண்டு எடுத்துக்கொள்வார். சிரிப்போம். நானும் எடுத்துக்கொண்டேன், நானும் சிரித்தேன்.

வெள்ளைக்காரர்களோடு இருக்கும்போது இது வேடிக்கை. தமிழர்களுக்குள் அது வம்பில் முடிந்தது. நகரத்தின் இன்னொரு கோடியில், பாபகூராவில் ஒரு குடும்பம் தங்கள் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தது. பையன் இவருடைய ஊர்ப் பக்கம். தங்கமான பையன், கடையில் வேலை பார்த்துக்கொண்டே படித்துக்கொண்டிருந்தான். பெண்ணின் அப்பா இவரிடம் வந்து விசாரித்திருக்கிறார். விசாரிப்பது என்றால் நமக்குத் தெரியும், ‘நல்ல பெடியன்’ என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை தூரம் கார் ஓட்டி வருவது. இவர் என்ன சொன்னார்? “அவன் எனக்கு ஒருவகையிலை சொந்தம். நான் சொல்லக்கூடாது.”

பெண்ணின் அப்பா வீட்டுக்குப் போய், “சொந்தக்காரனே வாயைத் திறக்கிறானில்லை எண்டால் அங்கை ஏதோ கிடக்கு” என்று முடிவுகட்டிவிட்டார். சம்பந்தம் முறிந்தது.

இது அவர் காதுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தையில் அவரைப் பார்த்தேன். கொத்தமல்லிக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கவும் இல்லை, திருப்பி வைக்கவும் இல்லை. “நான் நியாயமாத்தானே நடந்தனான், தங்கச்சி? அவன்ரை முகத்திலை முழிக்கேலாமல் கிடக்கு” என்றார். கண் கலங்கியிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பையன் வேலை பார்த்த கடைப் பக்கமே அவர் போகவில்லை. அவன் என்னவோ இவரைக் கண்டால் எப்போதும்போல “மாமா” என்றுதான் கூப்பிடுவான். மன்னிப்புக் கேட்கப் போனாரா என்றால், அதுவும் இல்லை. கேட்டால் தன் மனப்பாரம் இறங்கும், அது தனக்கு லாபம் என்று நினைத்திருப்பார். அவரைத் தெரிந்தவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது.

அப்புறம்தான் அந்த விளக்கு விஷயம் வந்தது.

நகரசபையிலிருந்து கடிதம் வந்திருந்தது. இந்த வருஷம் உங்கள் இடத்துக்கு ஒரே ஒரு விளக்குக் கம்பம்தான், எங்கே நடுவது என்று நீங்களே சொல்லுங்கள். இரண்டு இடம் இருந்தது. ஒன்று ஹாலின் கார் பார்க், அங்கே கார்க் கண்ணாடியை உடைத்துத் திருடுகிறார்கள் என்று தபால்காரர் வெகுநாளாகப் புலம்பிக்கொண்டிருந்தார். இன்னொன்று ஓடைமேல் இருந்த மரப்பாலம். ரயில் நிலையத்திலிருந்து அந்தப் பாலத்தைத் தாண்டினால் அவருடைய தெரு. பாலத்தை அடுத்த முதல் வீடே அவருடையதுதான். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்கா நகரத்தில் ஆபீஸ்களைத் துப்புரவு செய்துவிட்டு ரயிலில் வந்து அந்தப் பாலத்தின் வழியாகத்தான் வீட்டுக்கு நடப்பார். ஜூன், ஜூலை என்றால் இங்கே குளிர்காலம், சாயங்காலமே கும்மிருட்டாகிவிடும். அந்த நாட்களில் கணவர், பேக்கரி வேலை முடிந்து தூங்குகிற தூக்கத்திலிருந்து எழுந்து டார்ச்சோடு பாலத்தடியில் போய் நிற்பார். கமிட்டிக் கூட்டம் உள்ள நாளில் மட்டும் போக முடியாது.

தலைவி அந்தக் கடிதத்தைப் படித்து முடித்தார். அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

நான் மெதுவாகச் சொன்னேன்: “அண்ணே, இன்னைக்கு மட்டும் உக்காருங்கண்ணே. அக்கா அந்த வழியாத்தானே வர்றாங்க.”

“அதாலைதான் போறன், தங்கச்சி.”

கதவு மூடியது. தச்சர் டின்னைத் திறந்தார். தலைவி எல்லாரையும் பார்த்துக் கேட்டார்: “அந்தப் பாலத்து வழியை யாராவது உபயோகிக்கிறார்களா?” எல்லாருமே காரில் வருகிறவர்கள். உதட்டைப் பிதுக்கினார்கள். எனக்கு ஓட்டு இல்லைதான், ஆனால் வாய் இருந்தது. அவரே பேசாததை நாம் பேசுவானேன் என்று எழுதிக்கொண்டிருந்தேன். கார் பார்க் என்று முடிவாயிற்று. அவரைக் கூப்பிட்டுச் சொன்னபோது, “நல்லது” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

கம்பம் நட்டார்கள். நல்ல வெளிச்சம். அதற்குப் பிறகு அவர் வெளியே நிற்கும்போது ஜன்னல் வழியாக முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தார்.

அந்தக் குளிர்காலத்திலேயே, ஒரு கூட்டத்தன்று, ஹால் வாடகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். தமிழ்ப் பள்ளியும் வாடகை கட்டுகிறதே, அவர் வழக்கம்போல வெளியே போய்விட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. முடித்துக் கூப்பிட்டோம், வந்தார், ஈரத் தலையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டீ ஊற்றிக்கொண்டிருக்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். ரயிலிலிருந்து இறங்கி வந்தவராம். “போன் இருக்கிறதா? பாலத்தில் ஒரு பெண் விழுந்து கிடக்கிறார், சேலை கட்டியிருக்கிறார்” என்றார்.

ஏவன்டேலில் அந்த நேரத்தில் சேலை கட்டிக்கொண்டு ரயிலில் வரக்கூடியவர் ஒருவர்தான். அக்கா அன்றைக்குக் கோவில் விசேஷம் என்று கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தார். டீ குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையை மேஜையில் வைத்தார். கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினார்.

நனைந்த பலகையில் கால் வழுக்கியிருந்தது. இடுப்பெலும்பு. ஆபரேஷன் ஆயிற்று, உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது என்றார்கள், துப்புரவு வேலையும் அத்தோடு போயிற்று. விழுந்து கிடந்த அக்கா கணவரைக் கூப்பிட்டிருக்கிறார், பெயர் சொல்லாமல், “இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ” என்று. அவர் அப்போது புல்வெளிக்கு இந்தப் பக்கம், விளக்குக்கு அடியில் நின்றுகொண்டிருந்தார். காற்று அந்தப் பக்கமாக வீசியதால் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தலைவி பூங்கொத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தாழ்ந்த குரலில் கேட்டார்.

“தப்பாக நினைக்காதீர்கள். இப்படி எழுந்து வெளியே போக வேண்டும் என்று உங்கள் மதத்தில் இருக்கிறதா?”

“மதமா? அது உங்கள் விதியில்லையா?”

“எங்கள் விதியா?” அவர் முகம் வெளுத்துப்போனது. “சொல்லிவிட்டு அங்கேயேதான் உட்கார்ந்திருப்போம். தெரிந்ததைப் பேசலாம், ஓட்டுப் போடக்கூடாது, அவ்வளவுதான். எழுந்து போக ஆரம்பித்தால் எங்கள் ஊர் மன்றத்தில் கணப்பு அடுப்பு மட்டும்தானே மிஞ்சும்? அவருடைய நம்பிக்கையில் தலையிடக் கூடாது என்றுதான் நான் கேட்காமல் இருந்தேன்.”

நாங்களும் அப்படித்தானே. வெள்ளைக்காரர் விதி, அதில் நாம் என்ன கேட்பது என்று இருந்தோம். இரண்டு பக்கமும் மரியாதை. மரியாதை பார்த்துப் பார்த்தே ஓர் இடுப்பை உடைத்தோம். தலைவி பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, உடனே என்மேலும் வந்தது.

அண்ணனிடம் இதை நான்தான் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “அப்ப, நான் சும்மாவே நிண்டனான்?” என்று மட்டும் கேட்டார்.

அக்கா வீடு திரும்பிய பிறகு ஒருநாள் ரசமும் பொரியலும் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். அவர் அடுப்படியில் எங்களுக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைக்கார விதி என்று நினைத்துக்கொண்டார் பாவம், என்று நான் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினேன். அக்கா கையமர்த்தினார்.

“இவருக்கு விதி வேணுமே? உது பழைய வருத்தம். ஊரிலை கிராமசபை மெம்பராய் இருக்கேக்கை எங்கட ஒழுங்கைக்குக் கிறவல் போட வந்தவை. எந்தப் பக்கத்தாலை தொடங்கிறது எண்டு கேட்டவை. இவர்தான் இந்தப் பக்கத்தாலை எண்டு சொன்னவர். எங்கட படலையோடை கிறவல் முடிஞ்சு போச்சு.”

“தெருவுக்குப் போட்ட சரளை உங்க வாசக் கேட்டோட தீர்ந்துபோறது எங்கயும் நடக்கிறதுதானே அக்கா.”

“அங்காலை வீட்டிலை ஒரு பெட்டைக்கு மாரி மழைக்கை பிள்ளைப்பேறு. கார் எங்கட படலையிலை புதைஞ்சு நிண்டிட்டுது. கதிரையிலை இருத்தித் தூக்கிக்கொண்டு வந்தவை. தாய் தப்பீட்டாள், பிள்ளை தங்கேல்லை.” அக்கா போர்வையை இழுத்துக் காலை மூடினார். “அண்டையிலை இருந்து தனக்கெண்டு ஒண்டும் கேக்கமாட்டார். தனக்கெண்டால் அதுக்குள்ளை நானும் இருக்கிறன் எண்டது இவருக்குத் தெரியேல்லை. அந்தப் பாவத்தைக் கொண்டுவந்து என்ரை காலிலை இறக்கி வைச்சிருக்கிறார்.”

அந்த வீட்டு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவு கிடையாது. அவர் தேநீரைக் கொண்டுவந்து முதலில் அக்காவுக்குக் கொடுத்தார், பிறகு எனக்கு. “ஓம்” என்று அக்கா சொன்னதை ஆமோதித்துவிட்டுத் திரும்பப் போனார். யாரும் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அடுத்த வருஷத்து விளக்கைப் பற்றி நகரசபைக் கடிதம் வந்தபோது கூட்டத்துக்கு அக்காவும் வந்தார். குடியிருப்பவர்கள் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், பேசலாம், அதுவரை யாரும் வந்ததில்லை. கணவனும் மனைவியும் பாலத்து வழியாக வராமல் பெரிய ரோட்டைச் சுற்றி நடந்தே வந்தார்கள். அக்கா ஊன்றுகோலை மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு அவருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார். தச்சர் பிஸ்கட் டின்னைத் தொடவில்லை.

சம்பந்தம் அறிவித்தல் வந்தது. அவர் எழுந்தார்.

“நீங்கள் உட்காரலாம்” என்றார் தலைவி. குரல் கெஞ்சலாக இருந்தது. “தயவுசெய்து உட்காருங்கள். இருக்கலாம் என்று இப்போது எல்லாருக்கும் தெரியுமே.”

அவருக்கும் தெரியும். தெரிந்தும் உட்கார முடியவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொத்தானைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார். “எனக்கு இதில் சம்பந்தம் உண்டு” என்று எப்போதும் சொல்கிற ஆங்கிலத்தைச் சொன்னார்.

அக்கா நிமிர்ந்தார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. வந்ததைச் சொன்னார்: “எனக்கும் உண்டு. பெரிய சம்பந்தம். நான் இருக்கிறேன்.” பிறகு கணவனைப் பார்க்காமலே தமிழில், “போறதெண்டால் போங்கோ. கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ, குளிருது” என்றார்.

அவர் போனார். கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.

அக்கா பேசினார். எந்தப் பலகை ஆடும், மழைக்கு எந்த இடத்தில் பாசி பிடிக்கும், கைப்பிடிக் கம்பி எந்த இடத்தில் முடிந்துபோகும், இருட்டில் அது முடிந்தது தெரியாமல் கை எப்படி இன்னும் கொஞ்சம் தேடும் என்று கையை நீட்டிக் காட்டினார். தபால்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். விளக்கு பாலத்துக்கே என்று ஒரு மனதாக முடிவாயிற்று. பலகைகளைத் தானே மாற்றித் தருவதாகத் தச்சர் சொன்னார். இவ்வளவுதான் ஆயிற்று, டீ ஆறுகிற நேரம். இதே ஐந்து நிமிஷம் போன வருஷமும் எங்களிடம் இருந்தது.

கூப்பிட நான் போனேன். கார் பார்க் விளக்கின் அடியில் நின்றிருந்தார்.

“முடிஞ்சுதுண்ணே. வாங்க.”

“அவ கதைச்சவவோ?”

“பேசினாங்க. நல்லாப் பேசினாங்க. பாலத்துக்கு லைட் வருது.”

தலையாட்டினார். உள்ளே வர அடியெடுத்து வைத்தவர் நின்றார்.

“என்னைப் பற்றி என்ன சொன்னவ?”

“உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லலண்ணே. ஒரு வார்த்தகூடச் சொல்லல.”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். உள்ளே அக்காவுக்குத் தலைவி டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

“சொல்லியிருக்கலாம்” என்றார்.

நல்ல விளக்கு அது. அவர் முகம் முழுக்கத் தெரிந்தது. நான்தான் பார்க்காமல் திரும்பி நடந்தேன்.